ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் எழுதாத ஒன்று

ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, பர்கூர் பக்கத்துச் சபைகளில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்ல எழுந்து நிற்கும் சகோதர சகோதரிகளுக்கு,

ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணும் மேசையில் பல வருடமாக உட்காருகிறவன் இதை எழுதுகிறேன். பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் நீங்கள் எழுதும் காரணங்களைப் பற்றித்தான் பேச்சு. ‘மகனுக்கு சிப்காட்டில் வேலை நிரந்தரம் ஆனதற்காக.’ ‘பாகலூர் ரோட்டு மனை கிரயம் முடிந்ததற்காக.’ ‘தொப்பூர் கணவாயில் லாரி உரசியும் உயிரோடு காத்ததற்காக.’ ‘மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக.’ ‘டிரான்ஸ்பர் ரத்தானதற்காக.’ சிலருக்குக் கவரின் முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் ஓடும். ‘இரட்சிப்புக்காக’ என்று எழுதிய கவர் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊர் எப்படி இருந்து எப்படி ஆனது என்பது தெரிந்தவர்களுக்கு அந்தக் கவர்களின் அருமை தெரியும். 1971-இல் சிப்காட் நிறுவனம் பிறந்து, அதன் தொழிற்பேட்டை ஓசூருக்கு வந்து, 1980-களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கிருந்து வெளியே போகத் தொடங்கியபோது, நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஐ.டி.ஐ. சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியவர்கள் நம்மில் பலர். ஒரு அறையில் ஆறு பேர் படுத்தோம். பனிக்காலத்தில் காலை ஷிப்ட்டுக்குப் போகும்போது பல் கிட்டித்துக்கொள்ளும். வேலை, வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வந்தபோது அவற்றைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? அன்றன்றுள்ள அப்பத்தைக் கேள் என்று கற்றுக்கொடுத்தவர், கிடைத்த அப்பத்துக்கு நாம் நன்றி சொன்னால் முகம் சுளிக்கமாட்டார்.

ஆனாலும் பெரியது விடுபட்டுப் போகிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். வேலைக்கு ஆர்டர் உண்டு, மனைக்குப் பத்திரம் உண்டு, பிரசவத்துக்கு டிஸ்சார்ஜ் சீட்டு உண்டு. இரட்சிப்புக்குக் கையில் காட்ட என்ன இருக்கிறது? பெந்தெகொஸ்தே சகோதரர்கள் தாங்கள் இரட்சிக்கப்பட்ட தேதியையாவது சொல்வார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்ற நம்மைப் போன்றவர்களுக்கு அதுவும் ஞாபகத்தில் இல்லை. பிறந்ததுமுதல் வீட்டில் இருக்கும் கிணற்றுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் குஷ்டரோகிகளின் கதையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம்! ஒன்பது பேர் நன்றி கெட்டவர்கள், ஒருவன் நன்றியுள்ளவன், நீங்கள் யார் பக்கம் என்று கேட்டு முடித்துவிடுவார்கள். கதை எங்கே நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் நடுவே, எல்லைப் பகுதியில் நடக்கிறது. நம் பக்கத்து ஜூஜூவாடிக்கும் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கும் நடுவே என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் எல்லா ஜனமும் கலந்திருக்கும். நோய் வந்தபின் யூதன், சமாரியன் என்ற பேதம் பார்க்க அவர்களுக்கு வசதியில்லை, சேர்ந்தே திரிந்தார்கள். போய் ஆசாரியரிடம் உங்களைக் காட்டுங்கள் என்று இயேசு சொல்ல, போகிற வழியிலேயே சுகமானார்கள். அந்த ஒன்பது பேரும் தவறு எதுவும் செய்யவில்லை என்பது என் எண்ணம். சொன்னபடியே போனார்கள். ஆசாரியர் பார்த்து ‘சுத்தம்’ என்றால்தான் ஊருக்குள் நுழைய முடியும், வீட்டுக்குப் போக முடியும். நம் பையன்கள் வேலைக்குச் சேரும்போது மெடிக்கல் ஃபிட்னஸ் சான்றிதழுக்கு ஓடுவதைப் போன்ற அவசியம் அது.

பத்தாமவன் சமாரியன். யூத ஆசாரியர் எவரும் அவனை உள்ளே விடமாட்டார். அங்கே அவனுக்குச் சான்றிதழ் கிடைக்காது. அந்த ஒன்பது பேரோடு போக முடியாதவன், தன்னைச் சுகமாக்கியவரிடமே திரும்பி வந்தான். ஊரறியச் சத்தமிட்டு, காலில் விழுந்தான். ஒன்பது பேருக்குக் கிடைத்தது சுகம். இவனுக்குச் சுகத்தோடு அதைத் தந்தவரும் கிடைத்தார். கவர் எண்ணும்போது இந்த வித்தியாசம்தான் எனக்கு அடிக்கடி தோன்றும். நம் நன்றி பெரும்பாலும் சான்றிதழ் கையில் வந்ததற்கான நன்றி.

அதே லூக்கா, அடுத்த அதிகாரத்திலேயே இன்னொரு நன்றியைக் காட்டுகிறார். ஆலயத்தில் நின்று ஜெபித்த பரிசேயனின் ஜெபம் நன்றியோடுதான் தொடங்குகிறது, கவனித்திருக்கிறீர்களா? மற்றவர்களைப் போல் நான் இல்லையே, அதற்காக ஸ்தோத்திரம் என்கிறான். உபவாசம், தசமபாகம் எல்லாம் கணக்காக இருக்கிறது. நீதிமானாக வீடு திரும்பியது அவன் அல்ல, தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன்.

இதை எழுதும்போது 2020 நினைவுக்கு வருகிறது. அந்த ஏப்ரல் முடியும்வரை தமிழ்நாட்டில் கொரோனா தொற்று பதிவாகாத ஒரே மாவட்டமாகக் கிருஷ்ணகிரி இருந்தது. நம்மில் சிலர் அதையும் ஜெபக்குழுக்களில் சாட்சியாக்கினோம்: மற்ற மாவட்டமெல்லாம் வீழ்ந்தபோதும் நம் மாவட்டத்தை மறைத்துக் காத்தார் என்று. மே மாதம் பிறந்ததும் இங்கேயும் வந்தது. அப்போது அந்தச் சாட்சியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் செத்தவர்களைக் கடவுள் காக்கவில்லையா என்ற கேள்வி அந்த ஸ்தோத்திரத்துக்குள்ளேயே இருந்தது. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். பஸ் கவிழ்ந்து பலர் போனபின் ‘என்னை மட்டும் காத்தார்’ என்று மைக்கில் சொல்லும்போது, அதே விபத்தில் பிள்ளையை இழந்த ஒருத்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். உயிர் பிழைத்தவர் நன்றி சொல்லட்டும், கட்டாயம் சொல்லட்டும். ‘மட்டும்’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் போதும்.

இரட்சிப்புக்கான நன்றியில் இந்த ஆபத்து கிடையாது. சிலுவையில் நடந்தது எனக்கு மட்டும் நடக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது என்று அதில் சொல்ல வழியில்லை. என் தகுதியைப் பார்த்துத் தந்தார் என்றும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது சம்பளம்.

நமக்குச் சம்பளம் பழகிப் போய்விட்டது என்பதுதான் சிக்கல். இந்த ஊரே எண்ணிக்கையில் ஓடுகிறது. ஷிப்ட்டுக்கு எத்தனை பீஸ், ரிஜெக்ஷன் எத்தனை, டார்கெட் தாண்டினால் இன்சென்டிவ். வாரத்தில் ஆறு நாள் அப்படி வாழ்ந்துவிட்டு ஏழாம் நாள் ஆலயத்துக்கு வந்தால் அதே கணக்குப் புத்தகம் கூடவே வந்துவிடுகிறது. இவ்வளவு ஜெபித்தேன், இவ்வளவு கொடுத்தேன், ஆகவே கர்த்தர் இதைச் செய்தார். தசமபாகம் கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்ப வரும் என்று சீட்டுக் கம்பெனி ஏஜெண்டைப் போலப் பேசும் பிரசங்கிகளுக்கு இங்கே கூட்டம் சேர்வதில் வியப்பில்லை.

குடியிலிருந்து மீண்ட சகோதரர்களின் சாட்சிதான் எனக்கு எப்போதும் நெருக்கமானது. சம்பள நாளில் வீட்டுக்கு வராமல் போன மனிதன், மனைவியின் தாலியை அடகு வைத்தவன், ஒரு நாள் எழுந்து நின்று ‘நான் இப்படி இருந்தேன்’ என்று சொல்லும்போது சபையே அழும். அதில் கவர்க்காரணம் எதுவும் இல்லை, ஆளே காரணம். ஆனால் அதிலும் நாம் ஒரு கொடுமை செய்கிறோம். சாட்சி சொன்னவர் மறுபடி விழுந்துவிட்டால் என்ன ஆகிறது? அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். மனைவி மட்டும் தலை குனிந்து வந்து போகிறாள். வெற்றியை மட்டுமே சாட்சியாகக் கேட்டுப் பழகிய சபையில், விழுந்தவன் நிற்க ஒரு இடம் இல்லை. அவன் கர்த்தரை விட்டுவிட்டான் என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கர்த்தர் அவனை விட்டாரா என்பது வேறு கேள்வி.

நம் மண்ணிலேயே இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வைணவத்தில் தென்கலை, வடகலை என்ற பிரிவு நெற்றியில் இடும் நாமத்தோடு முடிந்துபோவதில்லை. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல ஜீவனுக்கும் ஒரு முயற்சி வேண்டும் என்றது வடகலை. பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை, தாய்தான் வாயால் கவ்வித் தூக்கிப் போகிறது என்றது தென்கலை. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை திருநெல்வேலிப் பக்கத்துக் கரையிருப்பில், இந்தப் பேச்சு புழங்கிய வைணவ வேளாளர் உலகத்தில் 1827-இல் பிறந்தவர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை எடுத்துக்கொண்டு, கம்பனில் ஊறிய தமிழில் அவர் செய்த இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஒரு தமிழர் இரட்சிப்புக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தால் அது ஒரு பெருங்காப்பியமாகவே நீளும் என்பதற்கு அந்த நூல் இருக்கிறது. நம் வீடுகளில் அதன் பிரதி எத்தனை இருக்கும் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

அதே 1894-இன் அக்டோபரில், உலகத்தின் மறுபக்கத்தில், தியோடோர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு ஜெர்மானியரை அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சினட் தன் முதல் வெளிநாட்டு மிஷனெரிகளாகப் பிரதிஷ்டை செய்தது. இருவரும் முன்பே ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள். வேதவாக்கியம் முழுவதும் பிழையற்றதா என்ற சர்ச்சையில் அந்த மிஷனை விட்டு வெளியேறியவர்கள். இப்படியொரு வாதத்துக்காக வேலையைத் தொலைப்பார்களா என்று இன்றைக்குத் தோன்றலாம். தொலைத்தார்கள். 1895-இல் புது வேலையைத் தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி. ஆம்பூர், பர்கூர் என்று பரவி, 1907-இல் நாகர்கோவில் போய், 1924-இல் அங்கே கன்கார்டியா செமினரி எழும்பியது. 1958-இல் நம் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனியாக நின்றது. நாகர்கோவிலிலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்த நம் வீட்டுப் பிள்ளைகள், அந்தச் சுவிசேஷம் எந்த மாவட்டத்திலிருந்து தங்கள் ஊருக்குப் புறப்பட்டதோ அதே மாவட்டத்துக்கு, தெரியாமலே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இங்கே முதலில் வந்தவர்கள் லுத்தரன்கள் அல்ல. எலத்தகிரி, கந்திகுப்பம் போன்ற கத்தோலிக்க ஊர்கள் பழமையானவை. அந்தச் சகோதரர்கள் நம்மைவிட நெடுநாளாக இந்த மண்ணில் ஜெபித்து வருகிறவர்கள். தருமபுரி மறைமாவட்டம் 1997-இல்தான் தனியானது என்றாலும் விசுவாசம் அதைவிட எத்தனையோ தலைமுறை மூத்தது. நேத்தரை நான் எடுத்துச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு.

1896-இல் பம்பாயில் இறங்கிய பிளேக் 1898-இல் பெங்களூருக்கு வந்தது. பெங்களூருக்கு வந்தது ஓசூர்ச் சாலைக்கு வர எவ்வளவு நேரம்? 1904-இல் நேத்தர் பிளேக்கில் இறந்தார். கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கி ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. அவர் காக்கப்பட்டார் என்று எந்தக் கவரிலும் எழுத முடியாது. நம் சாட்சிகளின் இலக்கணப்படி பார்த்தால் நேத்தரின் வாழ்க்கை தோற்றுப்போன சாட்சி.

அவர் பின்பற்றிய மார்ட்டின் லுத்தரும் பிளேக்கைப் பார்த்தவர். 1527-இல் விட்டன்பர்கில் கொள்ளைநோய் வந்தபோது பல்கலைக்கழகத்தையே வேறு ஊருக்கு மாற்றினார்கள். லுத்தர் போகவில்லை. மனைவி கர்ப்பிணி, வீடு நோயாளிகளால் நிறைந்தது. கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரத்து போதகர் ஜொஹான் ஹெஸ் கேட்டதற்கு அந்த வருடம் அவர் எழுதிய பதில் இன்றும் படிக்கத் தக்கது. ஓடுகிறவர்களை அவர் திட்டவில்லை. மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, அவசியமில்லாத இடத்துக்குப் போகாதே என்கிறார். ஆனால் உன்னை நம்பி ஒருவர் இருக்கிறார் என்றால், போதகரானாலும் ஊர்த்தலைவரானாலும் பக்கத்து வீட்டுக்காரரானாலும், அவரை விட்டுவிட்டு ஓடாதே. இதே லுத்தர் இதற்கு ஏழு வருடம் முன்பு, கிறிஸ்தவனுடைய சுதந்திரத்தைப் பற்றிய நூலில், விசுவாசி யாருக்கும் அடிமையல்ல, ஆனாலும் எல்லாருக்கும் ஊழியன் என்று வாதிட்டிருந்தார். இரட்சிப்பு முழுவதும் இலவசமாகக் கிடைத்துவிட்ட பிறகு கடவுளுக்குத் திருப்பிக் கட்ட எதுவும் இல்லை. கட்டினாலும் அவர் வாங்கமாட்டார். அப்படியானால் உள்ளே பொங்குகிற நன்றியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பக்கத்து வீட்டில்தான்.

இராப்போஜன ஒழுங்கை நம் சபை ஐயர் வாசிக்கும்போது ஒரு இடம் உண்டு. ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார் என்று வரும். எந்த இரவில்? காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். டிரான்ஸ்பர் ரத்தாகாத இரவு அது. காட்டிக்கொடுப்பவன் அதே பந்தியில் உட்கார்ந்திருந்தான். விடிந்தால் சிலுவை. அந்த நேரத்தில் சொன்ன நன்றியின்மேல்தான் நம் ஆராதனை முழுவதும் நிற்கிறது. எனக்கு அதை முழுவதும் புரிந்துகொள்ள முடிந்ததில்லை. ஆனால் வேலை போன மாதத்திலும், பயாப்ஸி முடிவு மோசமாக வந்த வாரத்திலும், கவரில் எழுத எதுவும் இல்லாமல் பந்திக்கு வந்து கை நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. இனிமேல் கேளுங்கள்.

இனி, எழுதத் தொடங்கியபோதே மனதில் இருந்த விஷயம். கெலமங்கலம், உத்தனப்பள்ளி பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை வந்ததிலிருந்து, ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்பிள்ளைகள் ரயில் ஏறி இங்கே வருகிறார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஹிந்திக்காரப் பொண்ணுங்க’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர்களில் சிலர் கழுத்தில் சின்னச் சிலுவை தொங்குகிறது. 1845-இல் பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய நான்கு பேர் ராஞ்சியில் இறங்கினார்கள். ஐந்து வருடம் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. 1850-இல் உராவ் பழங்குடியினர் நான்கு பேர் பெற்றார்கள். அதிலிருந்து வளர்ந்த கோஸ்னர் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இலேயே சுயாட்சி பெற்றது, நம் திருச்சபைக்கு ஏறக்குறைய நாற்பது வருடம் முன்பே. நம் சபையும் அவர்கள் சபையும் இந்திய லுத்தரன் கூட்டமைப்பில் ஒன்றாகவே இருக்கின்றன. உராவ் ஜனங்கள் பேசும் குடுக் மொழிகூடத் திராவிட மொழிதான், தமிழுக்குத் தூரத்து உறவு.

இத்தனைக்கும் பிறகு அவர்களில் எத்தனை பேர் நம் ஆலயத்துக்குள் வந்திருக்கிறார்கள்? ஒரு பண்டிகை நாளில் நான்கைந்து பேர் வாசலருகே நின்று, தமிழில் ஒன்றும் புரியாமல், பந்தி நேரம் வந்ததும் உள்ளே போகலாமா என்று தெரியாமல், திரும்பிப் போனதை நானே பார்த்தேன். எண்பதுகளில் நாமும் இப்படித்தான் இந்த ஊரில் யாரையும் தெரியாமல் நின்றோம். ஒரு வித்தியாசம், நமக்கு மொழி தெரிந்திருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அறுப்பின் பண்டிகை வருகிறது. ஏலத்தில் ஒரு பூசணிக்காயைச் சந்தை விலையைப்போல் பல மடங்குக்கு எடுத்துவிட்டு, எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லும்வரை நாம் விடமாட்டோம். இந்த வருடமும் அப்படியே செய்யுங்கள், அந்த வேடிக்கையைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கக் கமிட்டியில் பேசுங்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் டிக்கெட்டுக்கு, ஆஸ்பத்திரியில் மொழி தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புவதற்கு, ஹிந்தி வேதப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் வாங்குவதற்கு. வெளியூர்ப் பையன்களுக்கும்தான், பெண்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. கிறிஸ்தவரா என்று முதலில் கேட்டுவிட்டு உதவாதீர்கள். பத்துப் பேரைச் சுகமாக்கியவர் அவர்களில் யார் சமாரியன் என்று முன்கூட்டியே பிரித்துப் பார்க்கவில்லை.

குடித்து விழுந்துபோன சகோதரர் வீட்டுக்கும் யாராவது போங்கள். திரும்பச் சாட்சி சொல்லுங்கள் என்று அழைக்க வேண்டாம். சும்மா போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு வார விடுமுறை சுழற்சியில் வருகிறது, ஞாயிறு காலையில் பலர் ஷிப்ட்டில் இருப்பார்கள். ஞாயிறு மாலையில் ஒரு ஆராதனை வைக்க முடியுமா, ஹிந்தி தெரிந்தவர் ஒருவர் வேதபாடம் வாசிக்க முடியுமா என்று ஐயரிடம் நீங்களும் கேளுங்கள். நான் ஒருவன் கேட்டால் நடக்காது. ஹாஸ்டல்களில் இரவு உள்ளே திரும்ப நேரக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதையும், ஆகையால் பிரசங்கத்தை இருபது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கும் என்பதையும், அவர் மனம் நோகாமல் யாராவது எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

கர்த்தருக்குள்,
உங்களில் ஒருவன்